நம் கைக்கு ஒப்புவிக்கப்பட்டவை

ராஜபாளையத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவரைச் சந்திக்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் நாயைப் பற்றிக் கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்ப்பவரிடம் பேச்சு பால்கோவாவில் தொடங்கும். இரண்டு ஊருக்கும் நடுவே பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்த இரண்டு ஊர்களிலும், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிக் கிடக்கும் கிராமங்களிலும் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சென்னை வேப்பேரி கல்லூரியில் படித்து அரசு கால்நடை மருந்தகத்தில் சேர்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். என் அப்பா உபதேசியாராக இருந்தவர். ஜெபத்தோடும் வேதத்தோடும் வளர்ந்த வீடு எங்களுடையது. அதனால் தொழுவத்தில் பார்த்ததையும் ஆலயத்தில் கேட்டதையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே மீன்கள், பறவைகள், நிலத்தில் நடமாடும் உயிர்கள் எல்லாவற்றின் மேலும் மனிதனுக்கு ஆளுகை கொடுக்கப்படுகிறது. அந்த ஒரு வசனத்தை வைத்துக் கிறிஸ்தவர்கள் மேல் பெரிய குற்றச்சாட்டு உண்டு. லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, இன்றைய சுற்றுச்சூழல் சீரழிவின் வேரில் மேற்கத்தியக் கிறிஸ்தவத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றது. அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. அதிகாரம் கிடைத்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, எந்த நிபந்தனையோடு கிடைத்தது என்பதை மறந்தவர்கள் எங்களில் நிறையப் பேர். ஆனால் வேதம் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. ஆளுகை என்றால் என்ன, அது கெட்டுப்போனால் எப்படித் தெரியும் என்பதை அது பல இடங்களில் சொல்லியிருக்கிறது. அவற்றில் முக்காலே மூன்று வீசத்தை நான் இந்த ஊர்களின் மாடுகளிடமும் நாய்களிடமும் படித்தேன்.

ராஜபாளையம் நாயிலிருந்து தொடங்குகிறேன். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண், நீண்ட கால்கள். பாளையக்காரர்கள் காலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை போய், தோட்டக் காவல் மட்டும் மிஞ்சியது. 2005-இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதற்கும் ஒன்று வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லி இதன் பெயரையும் குறிப்பிட்டார். அதன் பிறகு குட்டி கேட்டு வருபவர்கள் கூடினார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை.

அந்த வெள்ளைக்கு ஒரு விலை இருக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே ஒலியை உணரும் நுண்ணிய முடியணுக்களுக்கு ஊட்டம் தரும் திசு அவற்றை நம்பித்தான் வாழ்கிறது. நிறம் முழுக்க அற்றுப்போகும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால், சில குட்டிகளின் காதுக்குள்ளும் அந்த அணுக்கள் போய்ச் சேர்வதில்லை. குட்டி பிறந்து இரண்டு வாரத்தில் காது திறக்கும். மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தத் திசு கருகிவிடும். பிறகு அந்தக் குட்டிக்கு எந்த மருந்தாலும் கேட்கும் திறனைத் திருப்பித் தர முடியாது. கண் நீலமாக இருக்கும் குட்டிகளில் இது அதிகம்.

ஒருமுறை மலையடிவார மாந்தோப்பு ஒன்றில் ஒரு ஈத்துக் குட்டிகளைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். தடுப்பூசிக்குத்தான் கூப்பிட்டார்கள். நான் போனபோது தாய் நாய் வந்து படுத்ததும் குட்டிகள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடின. ஒன்று மட்டும் சாக்கின் மேல் தூங்கிக்கொண்டே இருந்தது. தோட்டக்காரர் சோற்றுத் தட்டைத் தரையில் தட்டினார். குட்டி எழுந்து திரும்பிப் பார்த்தது. "பாத்தீங்களா சார், நல்லாத்தான் கேக்குது" என்றார் உரிமையாளர். தட்டைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. தரையில் வரும் அதிர்வு குட்டியின் வயிற்றுக்குத் தெரிந்துவிடும். மறுபடி அது தூங்கும்வரை காத்திருந்து, மூச்சுக்காற்றுகூட அதன் மேல் படாத தூரத்தில் பின்னால் நின்று விசில் அடித்தேன். பக்கத்தில் இருந்த குட்டிகள் காதை விறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தன. அது அசையவில்லை. விளையாடவிட்டுப் பார்த்தபோதும் தெரிந்தது. மற்றக் குட்டிகள் கடிபட்டுக் கத்தினாலும் இது பல்லை எடுக்கவில்லை. அவை கத்துவது இதற்குக் கேட்டால்தானே?

உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செவிட்டு நாய யாரு சார் வாங்குவா? ஒரு ஊசியப் போட்டு முடிச்சு விட்ருங்க" என்றார்.

அவர் கொடுமைக்காரர் இல்லை. தாய் நாய்க்குக் காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்தவர். இந்த ஊர்ப்பக்கம் வெகுகாலமாக நடந்துவந்த வழக்கத்தைத்தான் அவர் சொன்னார். முன்பெல்லாம் கறுப்போ பழுப்போ விழுந்து பிறந்த குட்டிகளையும் ஈத்திலேயே கழித்துவிடுவார்கள். நான் சொன்னேன்: "அண்ணாச்சி, இதுக்கு வலி இல்ல, சீக்கு இல்ல. பசிச்சா சாப்பிடுது, தூக்கம் வந்தா தூங்குது. எதுக்காக ஊசி போடச் சொல்றீங்க? வெள்ளையா வேணும்னு கேட்டது நாம. அது நம்மகிட்ட எதுவும் கேக்கல."

ஊசியை எப்போது எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை. வெறிநோய் கண்ட நாய்க்கும், இடுப்பு நொறுங்கி மீள வழியில்லாமல் கிடக்கும் மாட்டுக்கும் அது கடைசி உதவி. சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. துன்பத்தை முடிக்க வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் ஊசியை, நமக்கு உபயோகம் இல்லை என்பதற்காக எடுக்கக் கூடாது. அந்தக் குட்டி சுற்றுச்சுவர் உள்ள ஒரு வீட்டுக்குப் போனது. கையைத் தூக்கினால் உட்காரவும், இரவில் டார்ச் விளக்கை இரண்டு முறை அடித்தால் வரவும் அது கற்றுக்கொண்டது. தூங்கும்போது திடீரென்று தொடக்கூடாது, முதலில் காலால் தரையைத் தட்ட வேண்டும், கயிறு இல்லாமல் சாலைக்கு விடவே கூடாது. காது கேளாத நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இதைவிடக் கடினமானது, ஒரு காது மட்டும் கேட்காத நாய். அது எல்லா நாயையும்போல நடந்துகொள்ளும். வளர்ப்பவருக்கே தெரியாது. அழகான வெள்ளை என்று அதையே கடுவனாக வைத்துச் சேர்க்கைக்கு விடுவார்கள். அடுத்த ஈத்தில் இரண்டு காதும் கேளாத குட்டிகள் பிறக்கலாம். இது நம் ஊருக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி கொண்ட டால்மேஷன் நாய்களிலும் செவிடு அதிகம். பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டு உள்ள டால்மேஷன் குட்டிகளுக்குச் செவிடு குறைவு. ஆனால் அந்தத் திட்டு அழகுக்குக் குறை என்று அவற்றைக் கண்காட்சியில் ஒதுக்கிவிடுவார்கள். எந்தக் குட்டிக்கு நல்ல காது இருக்கிறதோ அதைத் தள்ளிவிட்டு, நம் கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்கிறோம். ஆளுகை என்ற சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் எங்கே கிடைக்கும்? எது எதோடு சேர வேண்டும், எது பிறக்க வேண்டும், பிறந்ததில் எது பிழைக்க வேண்டும் என்பதை எல்லாம் மனிதனே முடிவு செய்கிறான்.

இந்த இடத்தில்தான் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 34-ஆம் அதிகாரம் எனக்கு விளங்கியது. இஸ்ரவேலின் தலைவர்களை மேய்ப்பர்கள் என்று அழைத்துக் கடவுள் அவர்கள்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். பலவீனமானதைத் திடப்படுத்தவில்லை, நோயுற்றதைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்ததற்குக் கட்டுப்போடவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை. பாலையும் கம்பளியையும் கொழுத்ததன் இறைச்சியையும் மட்டும் எடுத்துக்கொண்டு கடுமையாக ஆண்டீர்கள் என்கிறார். அங்கே பேசப்படுவது மக்களை ஆள்வது பற்றி. ஆனால் நல்ல ஆட்சிக்கு அளவுகோலாக வைக்கப்பட்டவை ஒவ்வொன்றும் கால்நடை மருத்துவனின் அன்றாட வேலை. கட்டுப்போடுவதும் குணமாக்குவதும்தான் ஆளுகை. எடுத்துக்கொள்வது மட்டும் நடந்தால் அது ஆளுகை கெட்டதற்கு அடையாளம். ஆளுகிறவன் யார் என்பது அவனிடமுள்ள மிகப் பலவீனமான, எந்தப் பயனும் தராத உயிரிடம் தெரிந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அந்தப் பயன் தராத உயிர், காளைக் கன்று. பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாள் கோயில் வாசலில் தொடங்கிப் பேருந்து நிலையம்வரை அடுக்கடுக்காகக் கடைகள். அந்தப் பால் சுற்றுக் கிராமங்களின் கறவை மாடுகளிலிருந்து வருகிறது. பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பு. மாடு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றில் பாதி காளைக் கன்று. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. கலப்பினக் காளைக்கு வண்டியிலும் வேலை இல்லை. அது குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் விற்காமல் போன பால் என்று கணக்குப் போடுகிறார்கள்.

விடியற்காலையில் ஒரு தொழுவத்துக்குப் போனால் முதலில் நான் கன்றைத்தான் பார்ப்பேன். பெண் கன்றுக்குக் கழுத்தில் மணி, கீழே உலர்ந்த வைக்கோல். அதே தொழுவத்தின் மூலையில் காளைக் கன்று முழங்கை நீளக் கயிற்றில் கட்டிக் கிடக்கும். முடி சிலிர்த்து, வயிறு ஒட்டி, வால் மேலெல்லாம் கழிச்சல் காய்ந்திருக்கும். சீம்பாலைக் குடிக்க விட்டீர்களா என்று கேட்டால் பதில் வராது. பிறந்த சில மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி அதன் வழியாகத்தான் கன்றுக்கு வருகிறது. அது கிடைக்காத கன்றுகள் பல ஒரு மாதத்துக்குள் கழிச்சலிலோ நுரையீரல் அழற்சியிலோ போய்விடும். செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, தாய்க்கு முன்னால் நிறுத்திக் கறப்பார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். கன்றும் இல்லாதபோது சிலர் மடி இளகுவதற்கு ஊசி போடுவார்கள். பசுவின் உடல்நலத்தைக் கெடுக்கும்படி ஊசி போட்டுக் கறப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தனிப் பிரிவிலேயே குற்றம் என்கிறது.

இப்படிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மாடு வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். தீவன விலைக்கும் பால் விலைக்கும் நடுவில் நசுங்குகிறவர்களிடம் போய் வசனம் சொல்வது எனக்குப் பிடிக்காது. செய்யக்கூடியதைச் சொல்வேன். நாலு காம்பில் ஒன்றைக் கன்றுக்கு விடுங்கள், நம் தாத்தாக்கள் அப்படித்தான் செய்தார்கள். குடற்புழு மருந்தைத் தவறாமல் கொடுங்கள். இப்போது பெண் கன்றே பெரும்பாலும் பிறக்கும்படி பிரித்தெடுத்த உறைவிந்து அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது. நூறு ஈற்றில் ஏறத்தாழ தொண்ணூறு பெண் கன்று. அதைக் கேட்டு வாங்குங்கள். பிறந்து பட்டினியில் சாவதைவிட, பிறக்காமல் இருப்பது அந்தக் கன்றுக்கு நல்லது என்று நான் நம்புகிறேன். மோசேயின் சட்டம் போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்கிறது. வேலை செய்கிற உயிருக்கு அந்த வேலையின் பலனில் உரிமை உண்டு என்பது அதன் கருத்து. பாலைத் தரும் பசுவுக்கு அந்தப் பாலில் உரிமை உண்டு என்றால், அது முதலில் அதன் கன்றின் உரிமைதான்.

அதே வசனத்தை எடுத்துக்கொண்டு பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதும்போது, கடவுள் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று ஒரு கேள்வி கேட்கிறார். மாட்டுக்கு வேதத்தில் இடமில்லை என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் எங்கள் சபைகளிலேயே உண்டு. பவுல் அங்கே ஊழியர்களின் கூலியைப் பற்றி வாதாடுகிறார். மாட்டுக்கே நியாயம் உண்டு என்றால் உழைக்கும் மனிதனுக்கு எவ்வளவு அதிகமாக உண்டு என்பது அந்த வாதம். மாட்டுக்கு நியாயம் இல்லையென்றால் அந்த வாதமே நிற்காது. யாத்திராகமம் ஏழாம் நாள் ஓய்வைச் சொல்லும்போது மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்பதை முதலில் சொல்லி, பிறகுதான் வேலைக்காரியின் மகனையும் அந்நியனையும் சொல்கிறது. பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தாண்டிப் போகாதே என்கிறது. யோனாவின் புத்தகம் நினிவேயைக் கடவுள் ஏன் அழிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடிகிறது. அந்தக் கடைசி வசனத்தில் இலட்சத்து இருபதாயிரம் மனிதரோடு அங்கிருந்த திரளான மிருகங்களும் கணக்கில் வருகின்றன.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் ராஜபாளையம் தெருக்களில் மாட்டுவண்டிகள் அதிகம். செங்கல், மணல், ஆலைகளுக்குப் பஞ்சுப் பொதி என்று பாரம் ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் போகும். மருந்தகத்துக்கு வரும் வண்டி மாடுகளில் பாதிக்குப் பிடரியில் நுகப்புண். சீழைப் பிழிந்து, மருந்து வைத்து அனுப்பினால் மறு வாரம் அதே புண்ணோடு வரும். புண்ணுக்கு மருந்து போட்டுப் பயனில்லை, நுகத்தைத்தான் பார்க்க வேண்டும். உயரம் பொருந்தாத இரண்டு மாடுகளைப் பூட்டினால் நுகம் சாய்ந்து ஒன்றின் கழுத்தை அறுக்கும். அடிப்பக்கம் இழைக்காத மரம் ஒவ்வொரு அடிக்கும் தோலைத் தேய்க்கும். வண்டிக்காரரையும் ஆசாரியையும் சேர்த்து வைத்துப் பேசி, மாட்டின் பிடரியைத் தடவிக் காட்டி, அந்த அளவுக்கு மரத்தை இழைக்கச் சொன்ன நாட்கள் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர், இயேசு தச்சு வேலை செய்த காலத்தில் கலப்பையும் நுகமும் செய்தார் என்று எழுதியிருக்கிறார். தம் நுகம் மென்மையானது என்று இயேசு சொன்னதை, மாட்டின் கழுத்தைத் தொட்டுப் பார்த்த ஒருவரின் வார்த்தையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1965-இல் வந்த வண்டி மாடுகளுக்கான விதிகள், நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வண்டியில் பூட்டவே கூடாது. எங்கள் ஊர்ப்பக்கத்துச் சித்திரை வெயில் தெரிந்தவர்களுக்கு அந்த விதியின் அருமை புரியும். விதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

வேலை முடிந்த மாடு எங்கே போகிறது? திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை எங்கள் இரண்டு ஊர்களின் வழியாகத்தான் செங்கோட்டைக்குப் போகிறது. மாட்டு லாரிகள் அந்த வழியில் கேரளத்துக்குப் போகும். 1978-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பயணத்தைத் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். மாட்டைக் கண்ணில் காட்டாமலே அந்தக் கையெழுத்தைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. எழுந்து நிற்க முடியாத மாட்டையும், சினை முற்றிய மாட்டையும் ஏற்றிவிட்டு, விழுந்தால் வாலை முறுக்கியோ கண்ணில் மிளகாயைத் தேய்த்தோ எழுப்புவார்கள். என் பேனாவுக்கு அங்கே உண்மையான அதிகாரம் இருந்தது. மாட்டின் முன்னால் நின்று, அதை நடக்கவிட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்பது ஊருக்குத் தெரிந்த பிறகு கேட்பவர்கள் குறைந்தார்கள். ஆளுகை என்பது பெரிய இறையியல் சொல். ஆனால் அது பல நேரங்களில் இப்படி ஒரு தாளில் போடும் கையெழுத்தாகத்தான் நம் முன்னால் வந்து நிற்கிறது.

இறைச்சியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஆளுகையைக் கொடுத்த அதே அதிகாரத்தில், அடுத்த வசனத்திலேயே மனிதனுக்கு உணவாக விதையுள்ள செடிகளும் கனிகளும் கொடுக்கப்படுகின்றன. அப்படியானால் முதலில் கொடுத்த ஆளுகையில் கொல்வது அடங்கவில்லை. ஜலப்பிரளயத்துக்குப் பிறகு நோவாவின் காலத்தில்தான் இறைச்சிக்கு அனுமதி வருகிறது. அதுவும் இரத்தத்தைத் தொடாதே, உயிர் உன்னுடையது இல்லை என்ற எல்லையோடு வருகிறது. அதே இடத்தில் கடவுள் மனிதனோடு மட்டும் இல்லாமல் பேழையிலிருந்து இறங்கிய எல்லா உயிர்களோடும் உடன்படிக்கை செய்கிறார். இறைச்சி உண்ணும் கிறிஸ்தவர் இந்த வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டும். உண்ணாதவரும் நம் விசுவாசத்தின் முதல் பக்கத்தில்தான் நிற்கிறார்.

எங்கள் சபைகளில் அசனம் என்றால் ஊரே சேர்ந்து உண்ணும் நாள். கிடாக்களைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கட்டுவார்கள். கால்களைச் சேர்த்துக் கட்டி இருசக்கர வண்டியின் குறுக்கே போட்டு வரும் கிடாவும், தலைகீழாகத் தொங்கியபடி ஏலத்துக்கு வரும் கோழியும் ஆலய வளாகத்தில் கிடக்கும். சேகரக் கமிட்டியில் இதைப் பற்றி நான் பேசினேன். போதகர் ஐயா ஆதரவாக இருந்தார். கிடாக்களை முந்தின நாளே நடத்திக் கொண்டுவந்து நிழலில் கட்டுவது, தொட்டியில் தண்ணீர் வைப்பது, ஒன்று பார்க்க இன்னொன்றை அறுக்காமல் தனித் தட்டி கட்டுவது, கோழிகளைக் கூடையில் கொண்டுவருவது என்று முடிவானது. ஒன்று பார்க்க ஒன்றை அறுக்கக் கூடாது என்பது 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளிலும் இருக்கிறது. செலவு அதிகம் ஆகவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீதிமானைப் பற்றிய நீதிமொழிகளின் வசனத்தை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் மிருகத்தின் உயிரை மதிக்கிறவனையே அந்த வசனம் நீதிமான் என்கிறது.

இந்தக் கரிசனம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். தமிழ் மண்ணில் ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதை எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். பசுவுக்கும் அரண்மனை வாசலில் மணி கட்டிய அரசு அது. வனத்து அந்தோணியாரின் திருநாளான ஜனவரி 17-ஆம் தேதி, மாட்டுப் பொங்கலை ஒட்டியே வருகிறது. கத்தோலிக்க ஊர்களில் அன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டிவந்து மந்திரிப்பார்கள். மேற்கிலும் இதற்காகப் பாடுபட்ட கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஆங்கிலிக்கன் குருவானவர் ஆர்தர் புரூம் 1824-இல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்ஸ் அந்தத் தொடக்கக் கூட்டத்தில் இருந்தார். சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கே போனார். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி திறந்தது, ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. ஆனால் அந்தச் சட்டத்தில் கொடுமைக்கு முதல்முறை விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். சட்டத்தின் பல் அவ்வளவுதான் என்றால் மிச்சத்தை மனசாட்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். போப் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல், படைப்பின்மேல் மனிதனுக்கு எல்லையற்ற ஆதிக்கம் உண்டு என்று வேதத்தை வாசிப்பது சரியான வாசிப்பே ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நானும் அதை முழுமனதோடு ஏற்கிறேன்.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புக்கு மேலே இருக்கும் காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. யானை மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் இறங்கினால் நஷ்டம் என்பது உண்மை. அதற்காகத் திருட்டு மின்சாரத்தில் வேலி போடுகிறவர்கள் யோபின் புத்தகத்தின் கடைசி அதிகாரங்களை வாசிக்க வேண்டும். காட்டுக் கழுதையும் காட்டெருமையும் மனிதனின் தொழுவத்துக்கு வருவதில்லை, அவற்றுக்கு இரை கொடுப்பவர் வேறொருவர் என்று கடவுள் அங்கே யோபுக்குச் சொல்கிறார். நம் கயிறு எட்டாத இடமும் படைப்பில் இருக்கிறது. அங்கே தள்ளி நிற்பதுதான் நமக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

இந்தப் பக்கம் நாய்க்குட்டி வாங்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புள்ளி விழுந்த குட்டியைக் கேட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் இருந்தால் வளர்ப்பவர்கள் அவற்றை வைத்திருப்பார்கள். தாய், தகப்பன் இரண்டையும் பாருங்கள், காதைச் சோதியுங்கள். வளர்ப்பவர்களே, தகப்பனுக்கு மகளைச் சேர்க்காதீர்கள். செவிட்டுக் குட்டி பிறந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் காளைக் கன்றுக்கும் சீம்பாலைக் கொடுங்கள். சபைக் கமிட்டியில் இருப்பவர்கள் அடுத்த அசனத்துக்கு முன் ஒரு தொட்டியும் ஒரு தட்டியும் ஏற்பாடு செய்யுங்கள். ஆளுகையைக் கொடுத்தவர் ஒருநாள் கணக்குக் கேட்பார் என்று விசுவாசிக்கிறவர்கள் நாம். அந்தக் கணக்கில் நமக்குப் பால் கொடுத்த மாடு மட்டும் இருக்காது, பால் கிடைக்காத கன்றும் இருக்கும்.